முளையிலே கண்டால் போதுமா? – மார்பகப் புற்றுநோய் முன்சோதனையின் வரலாறு

'முளையிலேயே கிள்ளி எறி' என்பது நம் வீடுகளில் நாளும் வழங்கும் சொல். களைக்கும் பொருந்தும், கடனுக்கும் பொருந்தும், பிள்ளைகளின் தீய பழக்கத்துக்கும் பொருந்தும். ஆதலின் புற்றுநோய்க்கும் அது பொருந்தும் என்று எண்ணுவதில் வியப்பொன்றும் இல்லை. ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்கள் பிறந்ததும் இளஞ்சிவப்பு நாடா தீட்டிய விளம்பரங்கள் மும்பை மாநகரெங்கும் தோன்றுகின்றன. நாற்பது வயது கடந்த பெண்டிரெல்லாம் மார்பகத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவை அழைக்கின்றன. சலுகைக் கட்டணமும் உண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வாழும் நம் சகோதரிகள் அவ்விளம்பரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, 'எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். கேள்வி சிறிது. ஆனால் அதற்கு விடை காண்பதற்கு அறிவியல் உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது; பல நாடுகளில் பல இலட்சம் பெண்கள் அவ்வுழைப்பில் பங்கு கொண்டிருக்கின்றனர். அந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம் நாம் வாழும் இந்நகரத்திலேயே எழுதப்பெற்றது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மார்பில் கட்டி தட்டுப்பட்டோ, காம்பு உள்ளிழுத்துக்கொண்டோ, காம்பிலிருந்து குருதி கசிந்தோ மருத்துவரை நாடும் பெண்ணுக்குச் செய்யும் சோதனை வேறு. அவள் காலந்தாழ்த்தாமல் செல்ல வேண்டும் என்பதில் எந்நாட்டு மருத்துவரிடத்தும் கருத்து வேற்றுமை இல்லை. யாதொரு குறையும் உணராமல் நலமாக இருக்கும் பெண்களை அழைத்து, வரிசையாகச் சோதிப்பது வேறு. அதனையே 'ஸ்கிரீனிங்' என்கின்றனர். நாம் 'முன்சோதனை' என்று வழங்குவோம். வழக்கெல்லாம் இந்த இரண்டாவதைப் பற்றியதே. நோயாளி மருத்துவரைத் தேடிச் செல்கிறாள். முன்சோதனையிலோ மருத்துவம் நலமாயிருப்பவளைத் தேடி வருகிறது. தேடி வருகின்ற ஒன்று, தான் தரும் நன்மையோடு தான் விளைக்கும் தீமைக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் ஒருங்கே அகற்றும் முறையைப் பரப்பினார். புற்றுநோய் ஓரிடத்தில் முளைத்து, படிப்படியாக அக்கம்பக்கம் பரவுவது என்பது அவர் கொள்கை. எவ்வளவு விரைவில் வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் என்ற முடிவு அக்கொள்கையிலிருந்து தானே பிறந்தது. கைக்கு எட்டும் முன்னரே கட்டியைக் காணும் வழி மட்டும் அன்று இல்லை.

அவ்வழியின் முதற்படியை அமைத்தவர் பெர்லின் நகரத்து ஆல்பர்ட் சாலமன். அறுத்தெடுக்கப்பட்ட ஏறக்குறைய 3,000 மார்பகங்களை எக்ஸ்-கதிரால் படம் பிடித்து ஆராய்ந்து, புற்றின் சாயல் படத்தில் தனித்துத் தெரியும் என்று 1913-இல் அவர் எழுதினார். அவர் யூதர். நாஜிகளின் ஆட்சியில் பதவியிழந்து, 1938-இல் சாக்சன்ஹௌசன் முகாமில் அடைபட்டு, பின்னர் ஹாலந்துக்குத் தப்பியோடினார். ஓவியக் கலைஞராகிய அவர் மகள் சார்லட் 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டாள். மருத்துவ நூல்கள் சாலமனுக்கு ஒரு வரி ஒதுக்கும். அவ்வரிக்குப் பின்னால் இத்துணைத் துயரம் இருக்கிறது. அவருக்குப் பிறகு உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன், மணல் தூவினாற்போலப் படத்தில் தெரியும் நுண்ணிய சுண்ணப் புள்ளிகள் புற்றுக்கு அடையாளமாகலாம் என்று காட்டினார். ஹூஸ்டன் நகரத்து ராபர்ட் ஈகன், எவரும் கற்றுப் பின்பற்றத்தக்க படமெடுக்கும் முறையை 1960-இல் வெளியிட்டார். மாமோகிராபி என்னும் மார்பக எக்ஸ்-கதிர்ப் படம் இவ்வாறு கருவியாகக் கைக்கு வந்தது. அது உயிர் காக்குமா என்பது மட்டும் எவருக்கும் தெரியாதிருந்தது.

அதை அறிவது எளிதன்று. ஏன் எளிதன்று என்பதை விளங்கிக்கொண்டாலன்றி இவ்வரலாறு விளங்காது. ஆகவே இங்கே சற்றே நிற்போம். நம்மவர்க்குப் பழகிய சென்னை மெயிலையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் ஏறிய இருவர் உறங்கிவிட்டனர். ஒருவர் சோலாப்பூரில் விழிக்கிறார். மற்றவர் குண்டக்கல்லில் விழிக்கிறார். விழித்த நேரத்திலிருந்து சென்னை சேரும் வரை மணிக்கணக்கைப் பார்த்தால் முதல்வரின் பயணம் நெடியது, அடுத்தவரின் பயணம் குறுகியது. ஆயினும் இருவரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில்தான் சென்னையில் இறங்குகின்றனர். நோயை ஐந்தாண்டு முன்னதாகக் கண்டுபிடித்தோம், நோயாளி அதன்பின் எட்டாண்டு வாழ்ந்தாள் என்று ஒரு மருத்துவமனை பெருமை கூறுமாயின், அவள் உண்மையிலேயே கூடுதலாக வாழ்ந்தாளா, அன்றி நோயைத் தெரிந்துகொண்டு வாழ்ந்த காலம் மட்டும் நீண்டதா என்று கேட்க வேண்டும்.

மற்றொரு சூதும் உண்டு. மணிக்கு ஒருமுறை சன்னல் வழியே தெருவை எட்டிப் பார்ப்பவன் கண்ணில் மாட்டு வண்டி படும். விரைந்தோடும் மோட்டார் பெரும்பாலும் படாது. அதுபோலவே, ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சோதனையில் மெல்ல வளரும் கட்டிகளே மிகுதியாகச் சிக்கும்; இரண்டு சோதனைகளுக்கு இடையே முளைத்துப் பெருகும் கொடிய கட்டி நழுவிவிடும். சோதனையில் கண்ட நோயாளிகள் நன்றாயிருப்பதற்குச் சோதனை காரணமாகவும் இருக்கலாம். அவர்களுடைய நோயே இயல்பாக மந்தமானதாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டு மயக்கங்களையும் ஒழிப்பதற்கு வழி ஒன்றே. ஒத்த பெண்கள் பல்லாயிரவரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சோதனைக்கு அழைத்து, பல ஆண்டு பொறுத்திருந்து, இரு பாதியிலும் மார்பகப் புற்றால் மாண்டவர்களை எண்ண வேண்டும். அழைத்தும் வாராதவர்களை அழைத்த பாதியிலேயே சேர்த்து எண்ண வேண்டும். பொறுமையும் நேர்மையும் வேண்டிய கணக்கு அது.

அக்கணக்கு 1963 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கியது. அந்நகரத்து மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்த, 40 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். புள்ளியியல் அறிஞர் சாம் ஷாப்பிரோ, எக்ஸ்-கதிர் மருத்துவர் பிலிப் ஸ்டிராக்ஸ், அறுவை மருத்துவர் லூயிஸ் வெனட் ஆகிய மூவர் முயற்சி அது. ஸ்டிராக்ஸ் தம் மனைவியை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை, மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் எக்ஸ்-கதிர்ப் படமும் ஒருசேரச் செய்யப்பட்டன. மூன்றில் ஒரு பங்கினர் அழைத்தும் வரவில்லை. எனினும் அவர்களும் கணக்கில் சேர்க்கப்பட்டனர். பத்தாண்டு சென்று பார்த்தபோது, அழைக்கப்பட்ட பிரிவில் மார்பகப் புற்றால் நேர்ந்த சாவு நூற்றுக்கு 30 அளவில் குறைந்திருந்தது. முன்சோதனை உயிர் காக்கும் என்பதற்குக் கிடைத்த முதற் சான்று இதுவே.

இச்சான்றுக்குள் இன்னொரு செய்தி புதைந்திருந்தது. சோதனையில் சிக்கிய 132 புற்றுகளுள் எக்ஸ்-கதிர்ப் படம் மட்டுமே காட்டியவை மூன்றில் ஒரு பங்குதான். படத்தில் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்பட்டவை அவற்றினும் மிகுதி. நூற்றுக்கு 45 அளவு. எஞ்சியவை இரண்டிலும் தெரிந்தவை. ஆயினும் உலகம் படத்தைப் புகழ்ந்தது, கையை மறந்தது. புதிய கருவி கண்ணெதிரே பளபளக்கும்போது பழைய கருவியை யார் நினைக்கிறார்கள்?

1974 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி போர்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை வெளிப்படையாக அறிவித்தார். அதுகாறும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய நோயின் பெயர் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் வந்தது. அமெரிக்கப் பெண்கள் திரள்திரளாகச் சோதனைச் சாலைகளை நாடினர். அப்பெருமாட்டியின் கட்டி, வழக்கமான உடற்சோதனையின்போது மருத்துவர் கையில்தான் தட்டுப்பட்டது என்பதைச் சிலரே கவனித்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்நாட்டில் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சோதிக்கும் பெருந்திட்டம் தொடங்கிவிட்டது. 1976-இல் ஜான் பெய்லர் என்ற அறிஞர், நலமான இளம்பெண்களை ஆண்டுதோறும் கதிருக்கு உட்படுத்துவது சில புற்றுகளைத் தானே உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்தார். அன்றைய கருவிகளை நோக்க அது நியாயமான அச்சமே. இன்றைய கருவிகளின் கதிரளவு மிகவும் குறைந்துவிட்டதால் அவ்வச்சம் பெரிதும் தணிந்தது. ஆனால் முன்சோதனைக்கும் ஒரு விலை உண்டு என்ற பேச்சு அவரிடமிருந்தே உரத்து எழுந்தது.

சுவீடனில் 1977-இல் இரண்டு மாவட்டங்களில் 1,30,000-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு மற்றொரு சோதனை தொடங்கியது. இம்முறை படம் மட்டும், கை இல்லை. லாஸ்லோ தபார் முதலியோர் 1985-இல் அதன் முடிவை வெளியிட்டனர்: சாவு நூற்றுக்கு 31 குறைவு. பிரிட்டனில் பேராசிரியர் பாட்ரிக் பாரஸ்ட் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைக்க, 1988 முதல் நாடு தழுவிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. மேற்கு நாடுகள் பலவும் பின்தொடர்ந்தன. வழக்கு முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

முடியவில்லை. கனடா நாட்டில் 1980-இல் தொடங்கிய சோதனை ஒன்று இருந்தது. ஆந்தனி மில்லர், கார்னீலியா பெய்ன்ஸ் ஆகியோர் நடத்திய அதில் 40 முதல் 59 வயது வரையுள்ள 89,835 பெண்கள் சேர்ந்தனர். ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் இரு பிரிவினர்க்கும் ஆண்டுதோறும் கைச்சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாகப் படம் எடுக்கப்பட்டது. எனவே, நல்ல கைச்சோதனை இருக்கும் இடத்தில் படம் மேலும் என்ன தரும் என்பதே அங்கே கேள்வி. இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு 2014-இல் வந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது, படம் எடுத்த பிரிவில் மார்பகப் புற்றால் மாண்டோர் 500 பேர். எடுக்காத பிரிவில் 505 பேர். இம்முடிவை எக்ஸ்-கதிர் மருத்துவர் பலர் ஏற்கவில்லை. படங்களின் தரம் தாழ்ந்தது என்றனர். பெண்களைப் பிரித்த முறையில் பிழை உண்டு என்றனர். இன்றும் அப்பூசல் ஓயவில்லை. இரு தரப்பாரும் கற்றவர்களே. இரு தரப்பாரும் பெண்களின் நலத்தையே நாடுபவர்கள். அறிவியலில் சண்டை என்பது குடுமிப்பிடிச் சண்டைக்குச் சிறிதும் குறைந்ததன்று என்பதை இப்பூசலைப் படிப்போர் அறிவர்.

இக்காலத்தில்தான் முன்சோதனையின் பெருந்தீமை எது என்பது தெளிவாயிற்று. கதிர்வீச்சு அன்று, சோதனையின் வலியும் அன்று. முளைப்பவை எல்லாம் மரமாவதில்லை என்பதே அது. சில புற்றுகள் மிக மெதுவாக வளர்பவை. சில வளராமலே நின்றுவிடுபவை. அவற்றைத் தேடிக் கண்டிராவிட்டால், அப்பெண் தனக்கு அப்படி ஒன்று இருந்ததையே அறியாமல் முழு வாழ்நாளும் வாழ்ந்து, வேறொரு காரணத்தால் இயற்கை எய்தியிருப்பாள். கண்டுவிட்ட பிறகோ, இது வளரும், இது வளராது என்று பிரித்தறியும் ஆற்றல் மருத்துவர்க்கு முழுமையாக வாய்க்கவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் கத்தி, கதிர், மருந்து. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டுவானேன் என்று நம் பழமொழி கேட்கும். இங்கே, கிள்ளவே தேவையில்லாததையும் கோடரியால் வெட்ட நேர்கிறது. இதனை 'மிகைக்கண்டறிதல்' எனலாம். இதற்கு ஆளானவள் தன்னைப் பாதிக்கப்பட்டவளாக எண்ணுவதில்லை. சோதனை தன் உயிரைக் காத்தது என்றே நம்பி, அதை ஊரறியப் புகழ்வாள். இன்ன பெண் அவ்வாறு பாதிக்கப்பட்டவள் என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. தொகையாக எண்ணும்போது மட்டுமே அத்தீமை புலப்படும். ஆகையால்தான் அது நெடுங்காலம் கண்ணுக்குத் தப்பியது.

அத்தொகைதான் என்ன? 2012-இல் பிரிட்டனில் சர் மைக்கேல் மார்மட் தலைமையில் நடுநிலைக் குழுவொன்று எல்லாச் சான்றுகளையும் சீர்தூக்கியது. ஐம்பது வயதுள்ள 10,000 பெண்களை இருபது ஆண்டுக்காலம் மும்மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழைத்தால், மார்பகப் புற்றுச் சாவு 43 தவிர்க்கப்படும். 129 பெண்கள் தேவையில்லாத நோய்ப்பெயரையும் சிகிச்சையையும் பெறுவர். அதாவது காக்கப்படும் ஓர் உயிருக்கு மூன்று பெண்கள் வீணே சிகிச்சைக்கு உள்ளாவர். சாவு குறைவதும் உண்மை, நூற்றுக்கு 20 அளவில், விலையும் உண்மை. இவ்விரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பெண்களின் கையில் கொடுக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. பிரிட்டனில் அவ்வாறே செய்கின்றனர். நம் நாட்டு விளம்பரங்களில் முதற்பாதி மட்டுமே காணப்படுகிறது.

பொய்யெச்சரிக்கை என்பது இதனினும் சிறிய, ஆனால் மிகுதியான தீமை. பிரிட்டனில் ஒவ்வொரு சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளும் நூறு பெண்களுள் சுமார் நால்வர் மறுசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். அந்நால்வருள் ஒருத்திக்கே புற்று இருக்கும். மற்ற மூவரும் முடிவு வரும்வரை உறக்கமின்றிக் கழிக்கும் இரவுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கருத்து எவ்வளவு ஊசலாடுகிறது என்பதற்கு அமெரிக்காவே சான்று. அந்நாட்டு அரசு அமைத்த வல்லுநர் குழு 2009-இல் ஐம்பது வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை போதும் என்றது. 2024-இல் நாற்பது முதல் என்று மாற்றியது. இடையே சிகிச்சையும் பெரிதும் முன்னேறியது. பெர்னார்டு பிஷர் என்பார் நடத்திய ஆய்வுகள், ஹால்ஸ்டெட்டின் பேரறுவை பெரும்பாலார்க்குத் தேவையில்லை, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலே போதும் என்று 1985-இல் நிலைநாட்டின. மருந்துகள் வலுப்பெறப் பெற, சற்றுத் தாமதமாகக் கண்ட கட்டியும் குணமாகிறது. மிக விரைவில் காண்பதன் ஊதியம் அந்த அளவுக்குக் குறைகிறது.

இனிக் கையின் கதைக்கு வருவோம். பெண் தானே தன் மார்பைத் தடவிப் பார்த்தால் போதாதா என்ற எண்ணம் எவர்க்கும் எழும். சீனத்தில் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் 2,66,064 பெண்களைக் கொண்டு அதையும் சோதித்தனர். 1989 முதல் பாதிப் பேருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, பலமுறை நினைவூட்டினர். 2002-இல் முடிவு: கற்றவர்களில் 135 சாவு, கல்லாதவர்களில் 131 சாவு. கேடற்ற கட்டிகளுக்காக நடந்த சோதனைகள் மட்டும் கற்றவர்களிடையே ஏறத்தாழ இருமடங்காயின. தன் உடலின் இயல்பை அறிந்திருந்து, மாற்றம் தெரிந்தால் மருத்துவரை நாடுவது வேறு. திங்கள்தோறும் நாள் குறித்துத் தேடுவது வேறு என்று மருத்துவ உலகம் அதன்பின் பேசத் தொடங்கியது.

பயிற்சி பெற்ற பிறர் கை என்ன செய்யும்? பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் 1990-களில் அதைச் சோதிக்க முற்பட்டனர். 1,38,000 பெண்களுக்கு மேல் சோதிக்கப்பட்டு, 3,479 பேருக்குக் கட்டி இருப்பதாக ஐயம் எழுந்தது. அவர்களுள் மேற்சோதனையை முடித்தவர்கள் 35 விழுக்காடே. வீடு தேடிச் சென்று வேண்டியும் நூற்றுக்கு 42 பேர் வர மறுத்தனர். முயற்சி முதற்சுற்றோடு கைவிடப்பட்டது. அச்சம், செலவு, வீட்டாரின் எதிர்ப்பு, அன்றாடக் கூலியை இழக்க இயலாமை ஆகியவை ஏழைப் பெண்ணை மருத்துவமனை வாயிலில் எவ்வாறு தடுக்கும் என்பதை நம் நாட்டினர்க்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

மும்பைக்கு வருகிறோம். பரேல் பகுதியில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இராது. ஊரிலிருந்து வரும் நோயாளி உறவினர்க்குத் துணையாக அதன் நடைகளில் காத்திருந்தவர்கள் நம்முள் பலர். அங்கே அறுவை மருத்துவராக இருந்த இந்திரனீல் மித்ரா, 1994-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், படம் இன்றிக் கைச்சோதனை ஒன்றே போதுமானதாக இருக்கலாம் என்று வாதிட்டார். நியூயார்க்கில் கை கண்ட கட்டிகளை உலகம் மறந்தபோது மறவாதவர்களுள் அவர் ஒருவர். ஏழை நாடுகளில் இலட்சக்கணக்கான படக்கருவிகளுக்கும் அவற்றைப் படித்தறியும் வல்லுநர்க்கும் எங்கே போவது? அன்றியும், இந்நோய் வரும் இந்தியப் பெண்களுள் ஐம்பதுக்கு உட்பட்டோர் மிகுதி. இளம் மார்பகத்தின் திசு அடர்ந்திருப்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும், கட்டியும் வெண்மை. வெள்ளைத் துணியில் வெண்ணூலைத் தேடுவது போன்றது அது.

1998-இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் சோதனை தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் சேர்ந்தனர். இருபது பகுதிகள் குலுக்கலில் பிரிக்கப்பட்டன. பத்தில் சோதனை, பத்தில் இல்லை. சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று அவர்கள் மார்பைக் கையால் சோதித்தனர். அதன்பின்னும் இரு பிரிவிலும் வீடு வீடாகச் சென்று நோயையும் சாவையும் குறித்துவந்தனர். குடிசைகள் இடிந்தும், குடும்பங்கள் இடம்பெயர்ந்தும், பெயர்கள் மாறியும் போகும் இந்நகரில் இருபது ஆண்டுகள் ஒன்றரை இலட்சம் பெண்களைத் தொடர்ந்து சென்று கணக்கெடுத்ததை எண்ணினால் மலைப்புத் தோன்றும்.

முடிவு 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட பகுதிகளில் முற்றிய நிலையில், அதாவது மூன்றாம் நான்காம் நிலைகளில், கண்டறியப்பட்ட புற்று நூற்றுக்கு 37. மற்றப் பகுதிகளில் 47. மார்பகப் புற்றுச் சாவு 213-க்கு 251. நூற்றுக்கு 15 குறைவு. ஆயினும் இக்குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் கூறுகிறது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது குறைவு நூற்றுக்கு 30-ஐ நெருங்கியது; அது தற்செயலன்று என்னும் அளவுக்கு வலுவானது. ஐம்பதுக்கு உட்பட்டவர்களிடம் பயன் காணப்படவில்லை. அவ்வாறு வயதால் பிரித்துப் பார்த்தது கணக்கு முடிந்தபின் செய்தது என்பதையும் ஆய்வாளர்களே எழுதியிருக்கின்றனர். ஆதலால் இதனை முடிந்த முடிபாகக் கொள்வார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஆனாலும் மின்சாரமோ கருவியோ வேண்டாத, ஒரு பெண்ணின் பயின்ற விரல்கள் மட்டுமே செய்த வேலைக்கு இது சிறிய பயனன்று.

இச்சோதனைமீது ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. அதை மறைத்தல் முறையன்று. இதே பெண்களிடத்துக் கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனையும் நடந்தது. வினிகரைத் தடவிக் கண்ணால் பார்க்கும் அம்முறை, அந்நோயால் நேரும் சாவை நூற்றுக்கு 31 குறைத்தது. அந்நோய்க்கு முன்சோதனை பயன்தரும் என்பது மேற்கு நாடுகளில் பல்லாண்டு அனுபவத்தால் தெரிந்திருக்க, பாதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது அறமா என்று வெளிநாட்டு மருத்துவர் சிலரும் நம் நாட்டு அறவியலாளர் சிலரும் கேட்டனர். நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் எந்தச் சோதனையும் இல்லாதிருந்தபோது, சோதனை இல்லாமையே நடைமுறை. இரு பிரிவினர்க்கும் நோய்பற்றிய அறிவுரை வழங்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் விடை கூறினர். மார்பகத்தைப் பொறுத்தமட்டில் கைச்சோதனையின் பயன் அன்று மெய்யாகவே அறியப்படாதது. அங்கே குற்றச்சாட்டின் வலிமை குறைவு என்பது என் கருத்து. கருப்பைவாயைப் பொறுத்தமட்டில் அவ்விடை எனக்கு மனநிறைவு தரவில்லை. குடிசைப் பெண்ணுக்கு வேறு எதுவும் கிடைக்காது என்பது, அவளை வெறுங்கையோடு நிறுத்தி வைத்து எண்ணுவதற்கு உரிமை ஆகுமா?

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 98,000 பேர் மாண்டதாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. புதிதாக நோயுறுவோரில் பாதி அளவுக்குச் சாவு. இத்தொகையின் பெரும்பகுதி, படம் எடுக்காததால் நேர்ந்ததன்று. கைக்கே தட்டுப்படும் கட்டியோடு பல திங்கள் வீட்டிலிருந்து, மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசி, பிள்ளையின் தேர்வு முடியட்டும், மருமகளின் பேறுகாலம் கழியட்டும் என்று ஒத்திவைத்து, பின்னர் வந்ததாலும், வந்த பிறகு சிகிச்சையை முழுதும் முடிக்கப் பொருளும் துணையும் இல்லாததாலும் நேர்ந்தது. மிகைக்கண்டறிதல் செல்வ நாடுகளின் துன்பம். தாழ்த்திக் கண்டறிதல் நம் துன்பம். மும்பையிலோ இரண்டும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. மாடிக் குடியிருப்பில் நாற்பது வயதுப் பெண் ஆண்டுதோறும் படம் எடுத்துக்கொள்கிறாள். அவள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அறுபது வயதுப் பெண்ணின் மார்பில் உள்ள கட்டியை எவரும் கேட்டதில்லை.

ஆகவே 'எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும் சகோதரிக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஐம்பதைக் கடந்தவளுக்குப் பயன் தெளிவு. விலையும் உண்டு, இரண்டையும் அறிந்து அவளே முடிவு செய்யலாம். நாற்பதுகளில் இருப்பவளுக்குப் பயன் சிறிது, பொய்யெச்சரிக்கை மிகுதி. தாய்க்கோ தமக்கைக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால் கணக்கே வேறு. அவள் விளம்பரத்தைப் பாராமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். கட்டி தென்படுகிறவளுக்கோ இக்கட்டுரையின் ஐயங்கள் ஒன்றும் பொருந்தா. அவள் முகாம் வரும்வரை காத்திராமல் இந்த வாரமே செல்ல வேண்டும்.

நம் நடுவணரசு 2016-இல் வகுத்த திட்டப்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளர் மார்பகத்தைக் கையால் சோதிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களுள் எப்போதாவது அவ்வாறு சோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 0.9 பேர். மும்பைச் சோதனை அளந்து பார்த்தது இரண்டாண்டு இடைவெளியை. ஐந்தாண்டு இடைவெளியை அன்று.